சனிக்கிழமைக் கம்பி

கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்துக்கங்க தம்பி. இந்தக் கம்பி உங்க முட்டியில இடிக்கும். பழைய வேட்டியில சுத்தித்தான் வச்சிருக்கேன், ஆனாலும் முனை இடிக்கும். துப்பாக்கின்னு நினைச்சீங்களா? ஆழியார் செக்போஸ்ட்டுல அந்த வனத்துறைக்காரரும் அப்படித்தான் நினைச்சுப் பிரிச்சுப் பார்த்தார். பாத்ரூம் கம்பிங்க. ஸ்டீல். ரெண்டு முனையிலயும் வட்டத் தகடு, தகட்டுக்கு மும்மூணு ஓட்டை. சுவத்துல மாட்டிட்டா வயசானவங்க பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கலாம். எனக்கில்லைங்க. எனக்கெதுக்கு? வயசானவங்களுக்குன்னு சொன்னேன்.

பாத்ரூம் கம்பிக்கு வால்பாறையில என்ன வேலைன்னு உங்க முகம் கேட்குது. இது சாட்சிங்க. கத்தியைத் துணியில சுத்திக் கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்கல்ல, அந்த மாதிரி. குற்றவாளி மலை மேல உட்கார்ந்திருக்கார். என் சம்பந்தி தெய்வசிகாமணி. என் மருமகளைப் பெத்தவர். அவரை இன்னைக்கே கீழே கூட்டிக்கிட்டுப் போகணும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இந்தக் கம்பி இருந்த இடத்துல இருக்கணும். இல்லைன்னா என் மானம் போச்சு. எப்படின்னு சொல்றேன். நாற்பது வளைவு இருக்கில்ல, அவசரமில்லை.

முழங்கையில கட்டா? இது கரடி. அதை அப்புறம் சொல்றேன்.

முதல்ல நான் யாருன்னு தெரிஞ்சுக்கங்க. ஆறுச்சாமி கண்டக்டர்னா இந்த ரூட்டுல குரங்குக்குக்கூடத் தெரியும். முப்பத்தோரு வருஷம் இதே பொள்ளாச்சி வால்பாறை. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி, நாற்பது இறங்கி, ஒரு நாள்கூட நான் கம்பியைப் பிடிச்சதில்லை. ஒரு கையில டிக்கெட் கட்டு, ஒரு கையில பென்சில், வாயில விசில். பிடிக்கறதுக்குக் கை எங்க இருக்கு? இடுப்பை சீட்டு முனையில லேசா முட்டுக் குடுத்து நின்னேன்னா, பஸ்தான் ஆடும், நான் ஆட மாட்டேன்.

நம்பலையா? ஒரு தடவை இருபத்திரண்டாவது வளைவுல, எதிர்ல லாரி வந்து, நம்ம பஸ் வலது பக்கம் ரெண்டு சக்கரத்துல நின்னுடுச்சு. டிரைவர் கண்ணை மூடிக்கிட்டார். ஐம்பத்தாறு பேரும் கத்தறாங்க. நான் நடுவுல நின்னு, "எல்லாரும் இடது பக்கம் சாஞ்சுக்கங்க, இன்னும் டிக்கெட் எடுக்காதவங்க எடுத்துக்கங்க"ன்னேன். சாஞ்சாங்க. பஸ் நேராச்சு. நாலு பேர் டிக்கெட்டும் எடுத்தாங்க. இன்னொரு தடவை ஒத்தைக் கொம்பன் யானை ரோட்டை மறிச்சுக்கிட்டு நின்னுது. ஒரு மணி நேரம் நகரலை. நான் இறங்கிப் போய், பழக்க தோஷத்துல அது முதுகைத் தட்டி, "உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் இருக்கு"ன்னு சொன்னேன். பேசாம காட்டுக்குள்ள போயிடுச்சு.

சிரிக்கறீங்க. சிரிங்க. சம்பந்தி சிரிக்க மாட்டார். "அப்படிங்களா?"ம்பார். "அப்புறம் என்னாச்சுங்க?"ம்பார். யானை முதுகு உங்களுக்கு எட்டுமான்னு கேட்க வேண்டாமா ஒரு மனுஷன்? கேட்கவே மாட்டார். என் சந்தேகம் அங்கதான் ஆரம்பிச்சுது. சொன்னதை எல்லாம் நம்பறவனை நம்பக் கூடாதுங்க. டிக்கெட் எடுக்காதவன்தான் கண்டக்டரைப் பார்த்துத் தலையாட்டிக்கிட்டே இருப்பான்.

அவர் மில்லுல ஃபிட்டரா இருந்து ஓய்வு பெற்றவர். சம்சாரம் தவறினதும் ரெண்டு வருஷத்துக்கு முன்னால எங்க வீட்டுக்கு வந்தார். எங்க வீடுன்னா என் மகன் மோகன்ராஜ் பொள்ளாச்சியில கட்டினது. என் வீட்டுக்காரியும் போயிட்டா. அதனால பின் ரூமுல ரெண்டு கட்டில். ஜன்னலோரம் என்னுது, சுவரோரம் அவருது. ஜன்னலோரத்துக்கு அவர் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனா ஆசை இல்லாம இருக்குமா? ஜன்னல் சீட்டுக்குச் செருப்பால அடிச்சுக்கிட்ட ஜனத்தை நான் பார்த்திருக்கேன்.

எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாத்ரூம். நாலடிக்கு அஞ்சடி. கதவு உள்பக்கம் திறக்கும், திறந்தா கக்கூஸ் கோப்பையில முட்டும். நடுவுல நின்னு கையை விரிச்சா நாலு சுவரையும் தொடலாம். தலைக்கு மேல கீசர். தரையிலயும் டைல்ஸ், சுவத்துலயும் டைல்ஸ், வழுவழுன்னு, பார்த்தா முகம் தெரியும்.

ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை அதுக்குள்ள நான் உட்கார்ந்தேன். விழலைங்க. உட்கார்ந்தேன். ஒரு மனுஷன் பாத்ரூமுல உட்காரக் கூடாதா? சத்தம் கேட்டு மருமகள் கதவைத் தட்டறா. "மாமா! மாமா! என்னாச்சுங்க மாமா?"

"ஒண்ணுமில்லை அம்மிணி. உட்கார்ந்திருக்கேன்."

"எழுந்திரிங்க பார்க்கலாம்."

"எழுந்திரிக்கத் தோணலை."

முக்கால் மணி நேரம் தோணலை. அப்புறம் மோகன்ராஜ் வந்து திருப்புளியை விட்டு நெம்பித் தாழ்ப்பாளை விடுவிச்சான். அன்னைக்கே சுகந்தி சொல்லிட்டா. சுகந்திதான் மருமகள். நல்ல பொண்ணு, ஆனா சொன்னா சொன்னதுதான். "மாமா, கம்பி மாட்டறோம். பிடிச்சுக்கிட்டுக் குளிங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தாழ்ப்பாளைக் கழட்டிடுவேன். குளிப்பாட்டறதுக்கு ஒரு ஆளையும் வச்சுடுவேன்."

குளிப்பாட்டறதுக்கு! இந்த ரூட்டுல ஆயிரம் பேருக்கு முன்னால விசில் ஊதின ஆறுச்சாமியை, யாரோ ஒருத்தன் நிக்க வச்சு, "கையைத் தூக்குங்க தாத்தா"ன்னு சோப்புப் போடறதா? தம்பி, ஒரு மனுஷனுக்கு மகன் வீட்டுக்கு வந்தப்புறம் மிச்சம் இருக்கறது அந்தத் தாழ்ப்பாள் ஒண்ணுதான். அதைப் போட்டுக்கிட்டா உள்ளே அவன் ராஜா. அதுவும் போச்சுன்னா அவன் சாமான்.

ஒன்பதாவது வளைவு வருது. மேலே பாருங்க, பாறை முனையில. வரையாடு. செங்குத்துப் பாறையில நாலு கால்ல நிக்குது. எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது? சொல்லுங்க. அதான் நானும் கேட்டேன் மருமகளை. அவ கம்பி வாங்க ஆள் அனுப்பிட்டா.

சரி, கம்பி வந்துச்சு. துளை போட மெஷின்காரர் வந்தார். எந்தச் சுவர்னு கேள்வி. கதவுப் பக்கம் மாட்டினா கதவு திறக்காது. கீசர் பக்கச் சுவத்துக்குள்ள தண்ணிக் குழாய் ஓடுது, துளை போட்டா ஊத்து கிளம்பிடும். மிச்சம் மேற்குச் சுவர். அதுல எந்த இடம்? சம்பந்தி விரல் முட்டியால ஒவ்வொரு டைல்ஸா தட்டிக்கிட்டே வந்தார். டொக், டொக், டொக். ஒரு இடத்துல கணீர்னு சத்தம். "இந்த வரிசை வேண்டாங்க. நடுவுல மட்டும் சிமெண்ட்டு வச்சு ஒட்டியிருக்காங்க, சுத்தியும் வெத்து. அரையடி கீழே போயிடலாங்க"ன்னார்.

வெத்தாம்! நான் விடுவேனா? முப்பத்தோரு வருஷம் காசைத் தட்டி வாங்கினவன். செல்லாக் காசு மொட்டுன்னு விழும், நல்ல காசு கணீர்னு பேசும். பானை வாங்கினாலும் அப்படித்தானே? தட்டினா கணீர்னு இருந்தா நல்ல பானை. டொக்குன்னா ஓட்டை. நான் போய் ரெண்டு ரூபாக் காசால தட்டிப் பார்த்தேன். கோயில் மணி மாதிரி இருந்துச்சு. "இங்கதான் மாட்டணும். இதுதான் கெட்டி"ன்னேன். மெஷின்காரர் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி என்னைப் பார்த்தார். "சரிங்க"ன்னுட்டார். பாருங்க, தப்புன்னு தெரிஞ்சா சண்டை போட வேண்டாமா? ஏன் சரிங்கணும்? அன்னைக்கே ஏதோ மனசுல வச்சிருக்கார்.

மெஷின்காரர் டைல்ஸ் மேல பிளாஸ்திரி ஒட்டி, அது மேல மெதுவா துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக்கை அடிச்சு, ஆறு திருகாணியையும் முறுக்கிட்டுப் போனார். கம்பி தங்கமா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தா மேல் தகடு ஆடுது.

நான் ஒண்ணும் பண்ணலைங்க. நான் அந்தக் கம்பியைத் தொடறதே இல்லை. சனிக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல். அன்னைக்கு உள்ளே போனா உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் நல்லெண்ணெய். ஊற வச்சு, அரப்புத்தூளைக் கரைச்சுத் தேய்ப்பேன். இலையை இடிச்ச அசல் அரப்பு, கொழகொழன்னு இருக்கும், தரையில விழுந்தா விலாங்கு மீன்கூட வழுக்கிடும். அந்த நேரத்துல வேணும்னா கை லேசா கம்பி மேல படலாம். ஒரு விரல். அதுவும் அது அங்க இருக்கான்னு பார்க்கறதுக்கு.

அடுத்த சனிக்கிழமையும் ஆடுச்சு. அதுக்கடுத்த சனிக்கிழமையும். ஞாயித்துக்கிழமை ஆடாது, செவ்வாய்க்கிழமை ஆடாது. சனிக்கிழமை மட்டும். நான் கண்டக்டர் புத்தியில யோசிச்சேன். சனிக்கிழமை அந்த பாத்ரூமுக்குள்ள வித்தியாசமா என்ன நடக்குது? யார் வித்தியாசமா நடந்துக்கறாங்க? யோசிச்சா மின்னல் மாதிரி வெட்டுச்சு. சம்பந்தி! மத்த நாள்ல அஞ்சு நிமிஷத்துல குளிச்சுட்டு வர்ற மனுஷன், சனிக்கிழமை மட்டும் எனக்கு முன்னால உள்ளே போய் அரை மணி நேரம் இருக்கார். அவருக்கு எண்ணெய்க் குளியலும் கிடையாது, சளித் தொந்தரவு. பின்னே அரை மணி நேரம் என்ன வேலை? கதவுல காதை வச்சுக் கேட்டேன். கிர்ர்... கிர்ர்... கிர்ர்ன்னு சத்தம். திருகாணி சத்தம்.

வேற யாரா இருந்தாலும் அன்னைக்கே பிடிச்சிருப்பான். நான் பொறுத்தேன். முழு ஆதாரம் வேணும். அந்தக் காலத்துல ஒருத்தன் டிக்கெட் இல்லாம ஆறு மாசம் வந்தான், நான் ஆறு மாசமும் சிரிச்சுக்கிட்டே இருந்தேன். ஏழாவது மாசம்... சரி, அது வேற கதை.

அடுத்தது தீக்குச்சி. வீட்டுல தீப்பெட்டி காணாமப் போகுது. சுகந்தி, "நேத்துதானே புதுசு பிரிச்சேன்"ங்கறா. சம்பந்தி பீடி குடிக்கறவர் இல்லை. சாமி விளக்கு ஏத்தறதும் அவர் இல்லை. ஒரு நாள் மேல் தகட்டை அசைச்சுப் பார்த்தேன், திருகாணி கையோட வந்துச்சு. ஓட்டைக்குள்ள பார்த்தா அஞ்சாறு தீக்குச்சி, தலையைக் கிள்ளிட்டுச் சொருகி வச்சிருக்கு! நீங்களே சொல்லுங்க தம்பி. பாத்ரூம் சுவத்துக்குள்ள, கீசர் கரண்டு ஓடற இடத்துல, ஒரு மனுஷன் எதுக்குத் தீக்குச்சி வைப்பான்? இறுக்கமா இருக்கவா? அப்படின்னு நீங்க சொல்றீங்க. நீங்க நல்லவர். உலகம் தெரியலை உங்களுக்கு. இறுக்கறதுக்கு வச்சிருந்தா ஏன் என்கிட்ட சொல்லலை? ஏன் ஒளிச்சுச் செய்யணும்?

காரணம் புரிஞ்சுது எனக்கு. கம்பி கழண்டு நான் விழணும். விழுந்தா தாழ்ப்பாள் போகும், ஆள் வரும். ஆள் வந்தா என்னை முன் ரூமுக்கு மாத்துவாங்க. ஜன்னலோரக் கட்டில் காலி. எப்படிக் கணக்குப் போட்டிருக்கார் பாருங்க, வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்துக்கிட்டு.

பதினேழு. பிடிச்சுக்கங்க தம்பி, இது மோசமான வளைவு. நானா? இது பிடிக்கறதில்லைங்க. முன் சீட்டுக் கம்பி சூடா இருக்கான்னு கை வச்சுப் பார்த்தேன்.

பொறி வச்சேன். என் பழைய பெட்டியில காப்பிங் பென்சில் ஒண்ணு கிடந்துச்சு. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. எழுதினா சாதா பென்சில் மாதிரி இருக்கும், ஈரம் பட்டா ஊதாவா மாறிடும். அழியவே அழியாது. அந்தக் காலத்துல நாங்க நாக்குல தொட்டுத் தொட்டு எழுதி, எல்லாக் கண்டக்டர் நாக்கும் நாவல்பழம் தின்ன மாதிரி இருக்கும். அந்தப் பென்சில் முனையைச் சுரண்டித் தூளாக்கி, வெள்ளிக்கிழமை படுக்கப் போறதுக்கு முன்னால திருகாணித் தலையிலயும் கம்பி நெடுகவும் தடவி வச்சேன். ஈரக் கையால எவன் தொட்டாலும் மாட்டினான்.

மறுநாள் சனிக்கிழமை. சம்பந்தி போனார், கிர்ர் கிர்ர், வந்தார். நான் போனேன். எண்ணெய், அரப்பு, எல்லாம் ஆச்சு. இடையில சின்னதா ஒரு சத்தம். அது சொம்பு விழுந்தது. வெளியே வந்து இட்லி சாப்பிட உட்கார்ந்தோம். சம்பந்தி கையைப் பார்த்தேன். கட்டை விரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் ஊதா! இன்னும் ரெண்டு இட்லி கேட்டு வாங்கினேன், அவ்வளவு சந்தோஷம்.

அப்ப சுகந்தி பாத்ரூமைக் கழுவப் போனவ திரும்பி வந்தா. "கம்பி ஒரு பக்கம் தொங்குது. யாருங்க?"ன்னா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "மாமா, உங்க கையைக் காட்டுங்க"ன்னா.

எதுக்குங்க என் கையை? காட்டினேன். ரெண்டு உள்ளங்கையும் குறுக்கே பட்டையா ஊதா, கத்தரிக்காயைக் கசக்கின மாதிரி. முழங்கை வரைக்கும் இருந்துச்சு. வலது கன்னத்துலயும் கொஞ்சம் இருந்துச்சுன்னு அப்புறம் கண்ணாடியில பார்த்தேன். இருக்காதா? தடவினவனே நான்தானே. வலை போட்டவன் கையில மீன் வாடை அடிக்காதா? அதைச் சொல்லலாம்னு பார்த்தேன். சொன்னா பொறி வச்ச விஷயம் வெளியே வந்துடும். ஒரு நிமிஷம் யோசிச்சேன்.

அந்த ஒரு நிமிஷத்துல சம்பந்தி எழுந்து நின்னார். "நான்தான் கண்ணு"ன்னார்.

"என்னப்பா?"

"நான்தான் பிடிச்சுத் தொங்கறேன். முட்டி தாங்கறதில்லை. சொல்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"உங்களுக்கா? நேத்துக்கூட மாடியேறித் தண்ணித் தொட்டியில அடைப்பு எடுத்தீங்களேப்பா?"

"அது நேத்து கண்ணு."

ஒத்துக்கிட்டார்! அடியில்லை, மிரட்டலில்லை, தானா ஒத்துக்கிட்டார். என் சர்வீஸுல இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்லை. டிக்கெட் இல்லாதவன்கூட, "அந்தச் சீட்டுக்காரர் எடுத்துட்டார்னு நினைச்சேன்"னுதான் சொல்லுவான். சுகந்தி அவங்கப்பா விரல் நுனியைப் பார்த்தா, என் உள்ளங்கையைப் பார்த்தா, என் கன்னத்தைப் பார்த்தா. கண்ணு கலங்கிப் போச்சு அவளுக்கு. சட்னிக்கு வெங்காயம் உரிச்சிருப்பா போல. "சரிப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ளே போயிட்டா.

சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? அன்னையிலிருந்து அவர் தாழ்ப்பாள் போடக் கூடாதுன்னு ஆச்சு. கதவைச் சாத்தி வச்சுக் குளிப்பார். வெளியே சுகந்தி நின்னுக்கிட்டு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, "அப்பா, இருக்கீங்களா?" உள்ளேயிருந்து, "இருக்கேன் கண்ணு." "அப்பா?" "இருக்கேன் கண்ணு." ஏற்கெனவே பொண்ணு வீட்டுச் சோறுன்னு கூசிக் கூசிச் சாப்பிடற மனுஷன். மூணு நாள் தாங்கினார். புதன்கிழமை, "பெரியவன் வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வர்றேன்"னு பையை எடுத்துட்டார். பெரியவன்னா அவர் மூத்த மகன், இங்க மேலே எஸ்டேட்டுல கணக்குப் பிள்ளை.

போறதுக்கு முன்னால கம்பியைத் திரும்ப மாட்டிக் குடுத்தார். பழைய ஓட்டையில மரமுளை சீவி அடிச்சு, நீளத் திருகாணி போட்டு. என்னைத் தனியாக் கூப்பிட்டார். மெதுவாச் சொல்றார்: "சம்பந்தி, இது தாக்குப் பிடிக்காதுங்க. பின்னால வெத்து. சனிக்கிழமை மட்டும் குளிக்கறதுக்கு முன்னால ஆறு திருகாணியையும் ஒரு சுத்துச் சுத்திக்கங்க. திருப்புளியை ஜன்னல் மேல வச்சிருக்கேன். நான் திரும்பி வந்தா சுவரை முழுசாத் துளைச்சு, அந்தப் பக்கம் தகடு வச்சு நட்டு முறுக்கிடறேன். அப்புறம் யானை தொங்கினாலும் வராதுங்க."

மிரட்டறார் பார்த்தீங்களா! சனிக்கிழமை ஏதோ நடக்கும்கறார். என் மகன் கட்டின வீட்டுச் சுவரை முழுசாத் துளைக்கப் போறாராம். யானைங்கறார், என் யானைக் கதையைக் குத்திக் காட்டறார். ஆயுதத்தை வேற ஜன்னல் மேல விட்டுட்டுப் போறார், என் கைரேகை அதுல படணும்னு. நான் தொடுவேனா?

ஆக, நான் ஜெயிச்சுட்டேன். தாழ்ப்பாள் என்னுது, கட்டில் என்னுது, ரூம் முழுக்க என்னுது. வியாழக்கிழமை மோகன்ராஜ்கிட்ட இருபத்திரண்டாவது வளைவுக் கதையை ஆரம்பிச்சேன். "தெரியும்ப்பா, ரெண்டு சக்கரம்"னு செல்போனைப் பார்த்துக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டான். சுவரோரக் கட்டில் காலியா இருக்கு. வெள்ளிக்கிழமை பேச்சு வாக்குல, "அப்படிங்களான்னு கேளுங்களேன்"னு அந்தக் கட்டிலைப் பார்த்துச் சொல்லிட்டேன். இதுவும் அவர் பண்ணின வேலைதான். ஒருத்தனை ரெண்டு வருஷம் கேட்டுக் கேட்டுப் பழக்கிட்டு, திடீர்னு எழுந்து போறது. திட்டம் போட்டுத்தான் பண்ணியிருக்கார்.

இருபத்திரண்டு! இதுதாங்க அந்த வளைவு. பார்த்தீங்களா, எவ்வளவு ஒடுக்கம்?

ஆமாங்க, கரடி. அதுக்குத்தான் வர்றேன். நேத்து சனிக்கிழமை. மகனும் மருமகளும் கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியே கரூர் போயிட்டாங்க, இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாங்க. போகும்போது சுகந்தி, "மாமா, நாளைக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாங்க, நாங்க வந்தப்புறம் பார்த்துக்கலாம்"னா. நான் ஆகட்டும் அம்மிணின்னேன். ஆகட்டும்னா ஆகட்டும்னு அர்த்தமில்லைங்க.

தாழ்ப்பாளைப் போட்டேன். எண்ணெய் வச்சேன். அரப்புக் கரைச்சேன். திருப்புளி ஜன்னல் மேல என்னைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. நான் அதைப் பார்க்கலை. எழுந்திரிக்கலாம்னு கையை வச்சேன். ஒரு விரல்தாங்க. டைல்ஸு, திருகாணி, மரமுளை, எல்லாமே கம்பியோட கிளம்பி வந்துச்சு. டைல்ஸுக்குப் பின்னால எலி குடியிருக்கலாம், அவ்வளவு பொந்து. எவனோ குடைஞ்சிருக்கான்.

கரடி பாத்ரூமுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு கேட்கறீங்க. வரலைங்க. சரி, விடுங்க. கரடி இல்லை.

எவ்வளவு நேரம் கிடந்தேன்னு தெரியாது. கீழே கிடந்து பார்த்தா தாழ்ப்பாள் ரொம்ப உயரத்துல இருக்கு தம்பி. நானே போட்டது. எட்டலை. கூப்பிட்டா கேட்க வீட்டுல யாரும் இல்லை. அந்த நேரத்துல என்ன நினைச்சேன்னா, அந்த மனுஷன் சுவரோரக் கட்டில்ல இருந்திருந்தா, கதவைத் தட்டியிருக்க மாட்டார், கத்தியிருக்க மாட்டார், "சம்பந்தி, உட்கார்ந்திருக்கீங்களா?"ன்னு மெதுவாக் கேட்டிருப்பார். நான் ஆமான்னு சொல்லியிருப்பேன். சரிங்கன்னுட்டு யாருக்கும் தெரியாம கதவைக் கழட்டியிருப்பார். அப்படி ஒரு தந்திரக்காரர்.

அப்புறம் கம்பி கூடவே கிடந்துச்சில்ல, அதை வச்சே நெம்பித் தாழ்ப்பாளைத் தள்ளிட்டேன். சுவத்துல இருந்தப்ப உதவலை, கையில வந்தப்புறம் உதவுச்சு. ஓட்டை மேல துண்டைத் தொங்க விட்டேன். கையில கட்டுப் போட்டுக்கிட்டேன். யாருக்கும் சொல்லலை.

காலையில செல் அடிக்குது. சம்பந்தி.

"நேத்து குளிச்சாச்சுங்களா சம்பந்தி?"

"ஆச்சு"ன்னேன்.

"ஒரு சுத்துச் சுத்தினீங்களா?"

சட்டுன்னு செல்லைக் கீழே வச்சுட்டேன். நான் வாயைத் திறக்கலைன்னா அவருக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. உடனே முடிவு பண்ணிட்டேன். இனிமே இந்த ஆளை மலை மேல விட்டு வைக்கக் கூடாது. தூரத்துல இருந்தே இவ்வளவு பண்றவர். பக்கத்துல, கண்ணு முன்னால, அடுத்த கட்டில்ல வச்சுக் கண்காணிக்கணும். கீழே கூட்டிக்கிட்டுப் போய், ஆறு மணிக்குள்ள அவர் கையாலயே கம்பியை மாட்ட வைக்கணும். சுவரைத் துளைக்கணும்னா துளைக்கட்டும். சுகந்தி கேட்டா? அதையும் அவரே பார்த்துப்பார். ஒத்துக்கறதுல கெட்டிக்காரர்.

ஜன்னலோரக் கட்டில் வேணும்னு கேட்டார்னா... குடுத்துடலாம்னு இருக்கேன். லஞ்சம்தான். குற்றவாளியை வழிக்குக் கொண்டு வர வேண்டாமா?

பாருங்க, பேச்சுல நாற்பதும் ஏறிட்டோம். இனிமே தேயிலைதான். குளிருது இல்ல? அடுத்த ஸ்டாப் எனக்கு. அவர் வீடு அங்கிருந்து கொஞ்சம் நடக்கணும். நான் வர்றது தெரியாது. கதவைத் தட்டி, கம்பியை முன்னால நீட்டி, திடீர்னு...

தம்பி, அந்த சில்வர் ஓக் மரத்துக்குக் கீழே நிக்கறது யாரு? என் கண்ணாடி ஆவி பிடிச்சுப் போச்சு, நீங்க சொல்லுங்க. குல்லாப் போட்டவரா? ஒரு கையில பையா? இன்னொரு கையில என்ன, தகடா? ரெண்டு தகடு, நீள நீளமா போல்ட்டு! கீழே போற பஸ்ஸுக்கு நிக்கறார்! நான் சொல்லவே இல்லை! அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க, தப்புப் பண்ணாதவனுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னப்ப நம்பாம சிரிச்சீங்களே, இப்பப் பாருங்க, ஆயுதத்தோட நிக்கறார்!

கண்டக்டர், விசில் ஊதிடாதப்பா, ஆள் இறங்குது. தம்பி, இந்தக் கம்பியைக் கொஞ்சம் வாங்கிக்கங்க, இறங்கினப்புறம் எடுத்துக் குடுங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும். இறங்கறதுக்கில்லைங்க. அவரைப் பிடிக்கறதுக்கு. படி இவ்வளவு உயரமா வச்சிருக்காங்களே, எங்க காலத்துல இப்படியா?

அதோ, பையைக் கீழே வச்சுட்டார். படிக்கிட்டயே வந்துட்டார். ரெண்டு கையையும் நீட்டறார் பாருங்க.

சரணடையறார்.